கைப்பேசி நலம் விசாரிக்குமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைந்த கட்டணத்தில் இரண்டாண்டுப் பட்டம் தரும் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையோடு. ஏனென்றால் கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயரே தங்கள் பத்திரிகையில் அச்சேறி நான் பார்த்ததில்லை. இரண்டாம் முறை, அந்த ஒரு வாக்கியம் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வதற்காக. "படிப்பைப் பாதியில் விடப்போகும் மாணவரைத் தேடி இனி மனிதர் யாரும் போக வேண்டியதில்லை; கைப்பேசியே நலம் விசாரித்துவிடும்" என்று எழுதியிருந்தது. எழுதியது போதாதென்று கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் வேறு போட்டிருந்தீர்கள்.

அந்தக் கைப்பேசி என்னையும் ஒருமுறை நலம் விசாரித்திருக்கிறது. கணவரின் வேலையை ஒட்டி எச்-4 விசாவில் வந்து, கலிபோர்னியாவின் பே ஏரியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் 36 வயதில் கணக்கியல் படிக்கச் சேர்ந்தவள் நான். 2018 அக்டோபரில் லால்குடியில் அப்பா தவறிவிட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தோன்றாமல் விமானம் ஏறிவிட்டேன். பத்தாவது நாள், வீட்டில் பந்தல் பிரிக்கப்படாமல் இருந்த நேரத்தில், கல்லூரியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: நீங்கள் வகுப்புக்கு வரவில்லை என்பதைக் கவனித்தோம், உதவி தேவையெனில் 1 என்று பதில் அனுப்பவும். அனுப்பினேன். "நன்றி! எங்கள் இணையதளத்தைப் பாருங்கள்" என்று, சிரிக்கும் முகம் ஒன்றோடு மறுமொழி வந்தது. அந்த முகத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான்கு நாள் கழித்து, இரவு பத்தரை மணிக்கு, ஓர் அழைப்பு வந்தது. எங்கள் கல்லூரியின் ஆலோசகர். மெக்சிகோவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண்மணி. என் பெயரை மூன்று முறை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டார். நான் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார். அதன் பிறகுதான் விவரங்களைச் சொன்னார்: குறித்த தேதிக்குள் வகுப்பிலிருந்து விலகாவிட்டால் மதிப்பெண் பட்டியலில் தோல்வி என்னும் எஃப் விழும், இறப்புச் சான்றிதழை மின்னஞ்சலில் அனுப்பினால், இ.டபிள்யூ. என்ற குறியோடு, தகுந்த காரணத்தால் விலகியதாகப் பதிவாகும், அது பிற்காலத்தில் என்னைப் பாதிக்காது. மற்ற இரண்டு பாடங்களின் ஆசிரியர்களிடம் தாமே பேசி, தவறிய தேர்வுகளை எழுத அனுமதி வாங்கித் தந்தார். இவையெல்லாம் அந்த இணையதளத்திலும் எங்கோ இருந்திருக்கும். ஆனால் இப்படியொரு குறி உண்டென்று தெரியாதவள் அதை என்ன பெயரிட்டுத் தேடுவாள்?

படித்து முடித்து, வேலை அனுமதியும் கிடைத்த பிறகு, அதே கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்தில் சன்னலுக்குப் பின்னால் ஐந்து ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். எனவே ஆத்திரத்தில் மட்டும் எழுதுகிறேன் என்று தாங்கள் நினைத்துவிட வேண்டாம்.

தங்கள் கட்டுரையாளர் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சாட்பாட்டை, அதாவது மாணவர் கேட்பதற்குத் தானாகப் பதில் அனுப்பும் கணினி நிரலை, பெரிய சான்றாகக் காட்டுகிறார். 2016 கோடையில் அது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு விடை தந்ததும், இடம் கிடைத்தும் கல்லூரிக்கு வராமல் நழுவிப்போவோர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததும் உண்மைதான். ஆனால் அதே பல்கலைக்கழகம் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, மாணவர் சறுக்குவதை முன்கூட்டிச் சொல்லும் கணினி முறையைத் தொடங்கியபோது, கூடவே 42 ஆலோசகர்களைப் புதிதாக வேலைக்கு எடுத்தது. கணினி கொடியைத் தூக்கிக் காட்டினால், அதைப் பார்த்து எழுந்து போக ஆள் இருந்தது. அந்த 42 பேருக்குக் கட்டுரையில் இடமில்லாமல் போனது ஏனோ? தாங்கள் அறியாததல்ல, ஆசிரியரே. பக்கத்தை நிரப்ப இயந்திரத்தின் படம் நன்றாக இருக்கும், நாற்பத்திரண்டு பேரின் சம்பளப் பட்டியலுக்குப் படம் போட முடியாது.

குறுஞ்செய்தியே வீண் என்று நான் சொல்லவில்லை. மாசசூசெட்ஸில் உதவித்தொகையைப் புதுப்பிக்கச் சொல்லி அனுப்பிய செய்திகளால், சமுதாயக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் இரண்டாம் ஆண்டின் இறுதிப் பருவம் வரை நிலைத்த விகிதம் ஏறத்தாழ 14 சதவீதப் புள்ளிகள் கூடியது. அந்தச் செய்திகளை அனுப்பியது உள்ளூர் அமைப்பு. பதில் போட்டால் மறுமுனையில் ஓர் ஆலோசகர் இருந்தார். இது போன்றதையே பெரிதாக்கி, மாநில அளவிலும் நாடு தழுவியும் 8 லட்சம் மாணவர்களிடம் செய்து பார்த்ததன் முடிவு 2019-இல் வெளிவந்தது: எந்தப் பலனும் இல்லை. முன்பின் அறியாத எண்ணிலிருந்து வரும் கரிசனத்தைக் கடன் அட்டை விளம்பரத்தோடு சேர்த்துத்தான் யாரும் அழிப்பார்கள்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தன் சமுதாயக் கல்லூரிகளில் தொடங்கிய, மாணவரை அருகிலிருந்து கவனிக்கும் ஏசாப் திட்டத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதை ஆய்வு செய்த காலத்தில், வழக்கமாக ஓர் ஆலோசகர் தலையில் 600 முதல் 1,500 மாணவர்கள் வரை விழுந்த இடத்தில், அங்கே 60 முதல் 80 பேர். மாதந்தோறும் ஆலோசகரைச் சந்தித்தே ஆக வேண்டியிருந்தது. சந்தித்தால்தான் ரயிலுக்கும் பேருந்துக்குமான மெட்ரோ கார்டு இலவசமாகக் கைக்கு வந்தது. புத்தகச் செலவும் கிடைத்தது. மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் 40 சதவீதம். அதே காலத்தில் வழக்கமான முறையில் படித்தவர்களில் 22 சதவீதம். தலைக்குச் செலவு கூடுதல்தான். ஆனால் ஒரு பட்டத்துக்கு ஆன செலவு என்று வகுத்துப் பார்த்தபோது அது குறைந்தே இருந்தது. கணக்கியல் படித்தவள் என்பதால் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமிதம் தட்டுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் இறுதியில், வழக்கத்தைவிட மூன்று மாதம் தாமதமாக, ஃபாஃப்சா என்னும் அமெரிக்க அரசின் உதவித்தொகை விண்ணப்பத்தின் புதிய வடிவம் திறக்கப்பட்டதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அரசு தரும் அடையாள எண்ணான சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரின் பிள்ளைகளால் பல வாரங்களுக்கு அதை முடிக்கவே இயலவில்லை. எங்கள் சன்னலுக்கு முன்னால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. கிடங்கில் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்த பையன் ஒருவன், விடியற்காலை இரண்டு மணிக்குக் கல்லூரியின் சாட்பாட்டிடம் கேட்டதையும், அது "சிறிது நேரம் கழித்து முயலவும்" என்று சொன்னதையும் திரையில் காட்டினான். பதினோரு முறை கேட்டிருக்கிறான், பதினோரு முறையும் அதே மரியாதையோடு சொல்லியிருக்கிறது. சமுதாயக் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பகுதி நேரமாகப் படிப்பவர்கள், இவனைப் போன்றவர்கள். கலிபோர்னியாவிலோ, உதவிப் பணத்தைச் சுருட்டுவதற்காகப் போலிப் பெயர்களில் இயந்திரங்களே மாணவராகச் சேரும் கொடுமையும் சில ஆண்டுகளாக நடக்கிறது. ஆளில்லாத மாணவரை ஆளில்லாத ஆலோசகர் நலம் விசாரிக்கும் காட்சிக்குத் தங்கள் கட்டம் கட்டிய வாக்கியம் மிகவும் பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "மதிப்பெண் எடுக்காதவர்கள் ஒதுங்கும் இடம்" என்று கட்டுரை போகிற போக்கில் ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போகிறது. தங்கள் ஆண்டு மலர்களில் வரும் "அமெரிக்காவில் எங்கே படிக்கலாம்" பட்டியலில் ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும்தான் இடம்பெறும். 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்கிய இந்தக் கல்லூரி மரபு தலைகாட்டியதே இல்லை. இங்கே பொங்கல் விழாவில் "பையன் எங்கே படிக்கிறான்?" என்று கேட்டால், சமுதாயக் கல்லூரியில் சேர்த்த தாய் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். அந்தக் குரலைத் தாழ்த்தியதில் தங்கள் பட்டியல்களுக்கும் பங்குண்டு என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கடிதம் எழுதினேன். அதைத் தாங்கள் நான்கு வரியாகச் சுருக்கி, "பயனுள்ள தகவல்கள்" என்று நான் பாராட்டிய முதல் வரியை மட்டும் முழுமையாக வெளியிட்டீர்கள்.

என் வேண்டுகோள் சிறியது. ஃபாஃப்சாவுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் உண்டு என்று அந்தக் கட்டுரையில் வந்திருப்பது தவறு. கட்டணமே கிடையாது, அதன் ஆங்கிலப் பெயரின் முதல் சொல்லே இலவசம் என்பதுதான். பணம் கேட்கும் முகவர்களிடம் ஏமாந்து வந்த, பச்சை அட்டை (கிரீன் கார்டு) பெற்ற தமிழ்க் குடும்பங்களையே சன்னலில் பார்த்திருக்கிறேன். இதை அடுத்த இதழில், கடைசிப் பக்கத்தின் மூலையிலேனும், திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தையும் சுருக்க நேர்ந்தால், இந்தப் பத்தியை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
பே ஏரியா, கலிபோர்னியா.