லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கர்னலின் நினைவகப் பகுதியைப் பராமரிப்பவர்களுக்கு, காரைக்குடியிலிருந்து

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு வணக்கம். நான் டிரைவர், அதாவது ஒரு கருவியைக் கணினியோடு பேசவைக்கும் நிரல், எழுதுபவன். (ஓட்டுபவன் இல்லை. எங்கள் தெருவுக்கு இதைப் புரியவைக்கவே இரண்டு வருடம் ஆனது.)

பழைய வீட்டுக் கணக்கேடுகளை ஸ்கேன் செய்யும் கருவி ஒன்றுக்கு டிரைவர் எழுதினேன். படம் வந்து விழும் பஃபர்களை (நினைவகத் துண்டுகளை) ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்காமல், வேலை முடிந்தவற்றை ஒரு கேஷில் சேர்த்துவைத்தேன். நினைவகத்துக்குத் தட்டுப்பாடு வந்தால், கர்னல் கேட்கும்போது திருப்பித் தர ஒரு ஷ்ரிங்கரும் பதிவு செய்தேன். என் மேசையில் ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. வாடிக்கையாளர் வீட்டுப் பழைய கணினியில், 2 ஜிபி நினைவகத்தில், நாற்பதாவது ஏட்டில் அப்படியே உறைந்துவிட்டது.

மூன்று ராத்திரி தேடினேன். ஒரே நேரத்தில் இருவர் கை வைக்காமல் காக்கும் கேஷின் பூட்டைப் பிடித்தபடியே, ஜிஎஃப்பி_கர்னல் போட்டு, அதாவது 'காத்திருக்கிறேன், யாரிடமாவது பிடுங்கியாவது கொடு' என்று, நினைவகம் கேட்டிருக்கிறேன். கையிருப்பு இல்லை. யாரிடம் பிடுங்கலாம் என்று தேடிப் போன கர்னல், என் ஷ்ரிங்கரையே கூப்பிட்டிருக்கிறது. அது அதே பூட்டுக்காகக் காத்து நின்றிருக்கிறது. சாவி வைத்திருப்பவனும் நானே, வாசலில் நிற்பவனும் நானே!

தப்பு என்னுடையதுதான். பூட்டைத் தொடும் முன்பே நினைவகத்தை வாங்கி வைத்திருக்க வேண்டும். ஆனால் இந்த விதியை ஏன் ஆள் ஞாபகத்தில் விட்டு வைத்திருக்கிறீர்கள்? எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் வளவைச் (உள்முற்றத்தைச்) சுற்றிப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு. எந்தச் சாவி எந்தப் பங்காளியிடம் என்பது ஆச்சிக்கு மட்டும் தெரியும். ஆச்சி இருக்கும்வரை சரி. அப்புறம்?

பூட்டுத் தப்புகளைக் கண்டுபிடிக்கும் லாக்டெப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வேகம் குறையும் என்று, ஜனங்கள் ஓட்டும் கர்னல்களில் அதை அணைத்தல்லவா வைத்திருக்கிறார்கள்?

உங்களால் முடியாததும் இல்லை. லினக்ஸில் ஒரே பெரிய பூட்டாக இருந்ததை 2011-ல், 2.6.39 பதிப்பில் ஒழித்தீர்கள். ஸ்லாப், ஸ்லப், ஸ்லோப் என்று மூன்று நினைவக ஒதுக்கீட்டு முறைகளுக்கு ஓரெழுத்து வித்தியாசத்தில் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! அதில் ஸ்லோப் 2023-ல் 6.4-லும், ஸ்லாப் 2024-ல் 6.8-லும் போய், ஸ்லப் மட்டும் மிஞ்சியது. நிம்மதி. பூட்டுகளில்தான் கதை வேறு. பெரியது போன இடத்தில் சின்னதுகள் முளைத்துவிட்டன. சந்தேகம் கேட்டால் "கோடை (நிரலை) படி" என்கிறீர்கள். ஐயா, படித்துத்தான் மூன்று ராத்திரி போனது.

கோபத்தில் எழுதியிருந்தால் மன்னிக்கவும். கேட்பது இவ்வளவுதான்: பூட்டைப் பிடித்துக்கொண்டு எப்போது நினைவகம் கேட்கலாம் என்ற விதியை எளிமையாக்குங்கள். அதைக் கோடிலேயே வையுங்கள். மீறினால் உறைய விடாமல், முதல் தடவையே கத்துகிற ஒரு சின்னச் சோதனை, எல்லோர் கர்னலிலும், அணைக்காமல் இருக்கட்டும். நேரம் கிடைக்கும்போது பாருங்கள்.

நாற்பத்தோராவது ஏட்டுக்கு நான் கிளம்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு டிரைவர்காரன்
காரைக்குடி