சைலன்சரைக் கழற்றுவதற்கு முன்

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்பு மகளுக்கு,

இங்கு நாங்கள் நலம். தாத்தாவின் 1978ஆம் ஆண்டு புல்லட்டுக்குக் குட்டையான, உள்ளே தடுப்பே இல்லாத சைலன்சர் ஒன்றை மாட்டி, காற்று வடிகட்டி இருக்கும் ஏர் பாக்ஸையும் கழற்றிவிட்டு, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் வாயிலேயே கூம்பு வடிவக் கோன் ஃபில்டர் பொருத்தப் போவதாக நேற்று சொன்னாய். வண்டி இப்போது உன்னுடையது; வேண்டாம் என்று நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் அந்த எஞ்சினுக்குள் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு நீ செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். போனில் அதைச் சொல்லி முடிக்க இயலவில்லை.

அது 70 மில்லிமீட்டர் போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட 346 சிசி எஞ்சின். புதிதாக இருந்தபோதே சுமார் 18 குதிரைத்திறன்தான் தந்தது. வேகமாகச் சுழல்வதற்காக அன்றி, மெதுவாகச் சுழன்றபடியே பாரம் இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. எரிந்த புகை வால்வைத் தாண்டி வெளியேறும்போது எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப்புக்குள் ஓர் அழுத்த அலையாக ஓடுகிறது. குழாய் விரிந்து திறக்கும் இடத்தை அடைந்ததும் அதுவே உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. உள்வால்வும் வெளிவால்வும் ஒருசேரச் சற்றே திறந்திருக்கும் அந்தக் கணத்தில் அது வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் புகையை வெளியே இழுத்து, புதிய கலவை உள்ளே வரவும் கைகொடுக்கும். குழாய் நீளமாக இருந்தால் இந்த உதவி குறைந்த சுழற்சியில் கிடைக்கும். குட்டையாக இருந்தால் உயர்ந்த சுழற்சியில்தான் கிடைக்கும். எஞ்சினுக்குப் பேக் பிரஷர், அதாவது புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம், வேண்டும் என்று பட்டறைகளில் சொல்வதை நீயும் கேட்டிருப்பாய். அது சரியன்று, அழுத்தத்தால் எந்த எஞ்சினுக்கும் நன்மை இல்லை. அலை திரும்பி வரும் நேரம் கெட்டுப்போவதைத்தான் அவர்கள் அப்படிப் புரிந்துகொள்கிறார்கள்.

1984இல் நான் இதையேதான் செய்தேன். உன் தாத்தாவிடம் கேட்காமல் சைலன்சரை மாற்றி, ஃபில்டரையும் எடுத்துவிட்டு ஏற்காட்டுக்குக் கிளம்பினேன். அடிவாரம் வரை சத்தத்தைக் கேட்டு வண்டிக்குப் புது வலு வந்துவிட்டதாகவே நம்பினேன். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும், முன்பு இரண்டாம் கியரில் நிதானமாக ஏறிய திருப்பங்களில் முதல் கியருக்கு வர வேண்டியிருந்தது. இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடியபோதெல்லாம் சைலன்சர் படபடவென்று வெடித்தது. அது எச்சரிக்கை என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் ஓமலூர் சாலையில் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டு, பின்சக்கரம் இறுகி நின்றது. கீழே விழாமல் தப்பியது கடவுள் புண்ணியம். கழற்றிப் பார்த்தபோது பிளக் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, பெண்ட் பைப் நீலம் பாய்ந்திருந்தது. சிலிண்டரைக் கடைந்து சரிசெய்த செலவைத் தாத்தாதான் கொடுத்தார். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

நான் செய்த பிழை சைலன்சரை மாற்றியது மட்டுமன்று; காற்றின் வழியைத் திறந்துவிட்டு, பெட்ரோலின் வழியை இருந்தபடியே விட்டதுதான். கலவையில் காற்று மிகுந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். ஆகவே மாற்றுவதானால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டையும் சேர்த்து மாற்று. ஆக்சிலேட்டரைச் சிறிதளவு திறந்திருக்கும்போது பைலட் ஜெட்டும், நடுவில் நீடில் என்ற ஊசியும், முக்கால் பங்குக்கு மேல் மெயின் ஜெட்டும் பெட்ரோலைத் தீர்மானிக்கின்றன. நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் மேலே எழும்பிப் பெட்ரோல் கூடும். மெயின் ஜெட்டை ஒவ்வோர் அளவாகக் கூட்டி, முழு ஆக்சிலேட்டரில் சிறிது தூரம் ஓட்டி, அப்படியே எஞ்சினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார். அது நம் மலைக் காப்பித்தூளின் நிறத்தில் இருக்க வேண்டும். கோன் ஃபில்டரைப் பற்றி என் கருத்து மாறாது: அது சூடான எஞ்சினுக்கு அருகிலிருந்தே காற்றை இழுக்கிறது, சூடான காற்றில் அடர்த்தி குறைவு. ஏர் பாக்ஸை வைத்துக்கொண்டு நல்ல ஃபில்டர் போடுவதே மேல்.

இன்னொன்றையும் மறந்துவிடாதே. நீ வண்டி ஓட்டும் பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சேலம் 300 மீட்டரைக்கூடத் தொடவில்லை. அங்கே சரியாக வைத்த கலவை, தொப்பூர் கணவாயில் இறங்கி இங்கே வரும்போது காற்று மிகுந்ததாகிவிடும். அதன்பின் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டுக்கு ஏறினால், மெலிந்த காற்றால் பெட்ரோல் மிகுந்து வண்டி கரும்புகை விடும். எவ்வளவு செலவழித்தாலும் அங்கே சேலத்தில் இருந்த வலுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துதான் இருக்கும். இரண்டில் எஞ்சினைக் கெடுப்பது காற்று மிகுவதுதான்; ஆதலால் ஜெட்டைச் சற்றுப் பெரியதாகவே வைத்துக்கொள்.

இவ்வளவும் செய்தால் கூடுவது ஒன்றிரண்டு குதிரைத்திறன். வால்வு வந்து அமரும் சீட் தேய்ந்து, சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் கம்ப்ரஷன் குறைந்திருந்தால் அதைவிட அதிகமாகவே இப்போது நீ இழந்துகொண்டிருப்பாய். அதனால் முதலில் ஹெட்டைக் கழற்றி வால்வைப் பார்க்கச் சொல்; வால்வின் இடைவெளியை வைக்கும் டேப்பட்டையும், தீப்பொறியின் நேரத்தை வைக்கும் பாயிண்டையும் சரிசெய். பிறகு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சைலன்சரைப் பற்றி முடிவெடு.

எப்படி முடிவெடுத்தாலும் பழைய சைலன்சரையும் பெண்ட் பைப்பையும் யாருக்கும் கொடுத்துவிடாதே. பொங்கலுக்கு வரும்போது அவற்றைக் கொண்டு வா. எண்ணெய் தடவித் துணி சுற்றிப் பரணில் வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா