பற்று நோட்டுக்காரி எழுதுவது

கண்ணு,

போன ஞாயிறு நீயும் மாப்பிள்ளையும் கோபிக்கு வந்திருந்தபோது அரிசிம்பருப்புச் சோறு ஆறிப்போகிற வரைக்கும் கிரெடிட் கார்டுச் சண்டை போட்டீர்கள். அவர் போனில் மூன்று கார்டைக் காட்டி, எந்தெந்த ஏர்போர்ட்டில் கார்டைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிற லவுஞ்சு உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ, "வீட்டுச் செலவுக்கு ஒன்னு சொல்லுங்கன்னா ஏர்போர்ட்டைக் காட்டறீங்க" என்றாய். நான் நெய் ஊற்றிக்கொண்டே ஒரு வார்த்தை சொல்ல வந்தேன். "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றுவிட்டாய். மாப்பிள்ளை முன்னால் எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். இருபத்தெட்டு வருஷம் மளிகைக் கடையில் பற்று நோட்டு எழுதியவளுக்குக் கடன் புரியாது என்றால் வேறு யாருக்குப் புரியும்?

அந்த நோட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். நீளவாட்டில், சிவப்புத் துணி அட்டை போட்டது. அதன் கடைசிப் பக்கத்தில் நீ வாய்ப்பாடு எழுதி என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய். அதில் இரண்டு பேர் கணக்கை இன்றைக்கும் மறக்க மாட்டேன். ஒருத்தர் பள்ளிக்கூட வாத்தியார். ஐந்தாம் தேதி சாயங்காலம் சைக்கிளை நிறுத்தி மொத்தத்தையும் எண்ணி வைப்பார். அவர் பக்கத்தில் நான் குறுக்கே கோடு அடித்த பிறகுதான் நகர்வார். இன்னொருத்தர் மஞ்சள் காட்டுக்காரர். "மஞ்சள் வித்ததும் தந்தர்றனுங்க" என்று மாசம் இருநூறு, முந்நூறு கொடுப்பார், அன்றைக்கே நானூறுக்குச் சாமான் எடுத்துப் போவார். அவர் பக்கத்தில் கோடு விழுந்ததே கிடையாது. நான் வட்டி போடாதவள், அதனால் எனக்கு அவரால் நஷ்டம். பேங்குக்கு இது தலைகீழ். வாத்தியாரால் அவர்களுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். காட்டுக்காரர்தான் மகாலட்சுமி.

மாசா மாசம் வருகிற கார்டு ஸ்டேட்மெண்ட்டில் 'மினிமம் டியூ', அதாவது குறைந்தது இவ்வளவாவது கட்டு என்று ஒரு சின்னத் தொகை போட்டிருப்பார்களே, அது காட்டுக்காரரின் இருநூறு ரூபாய். அதைக் கட்டினால் லேட் ஃபீஸ் வராது, வட்டி வரும். பெரும்பாலான கார்டில் மாசம் 3.5 முதல் 3.75 சதவீதம். வருஷத்துக்குப் பார்த்தால் 45 வரைக்கும் போகிறது. நம் ஊர்க் கந்துவட்டிக்காரனைத் திட்டுகிறோம்! அதுவும் கெடு தேதியிலிருந்து இல்லை, நீ சாமான் வாங்கிய நாளிலிருந்தே கணக்கு. அதோடு, பாக்கி நிற்கிற வரைக்கும் புதிதாக வாங்குவதற்கும் அந்த நாற்பத்தைந்து, ஐம்பது நாள் வட்டியில்லாத சலுகை கிடையாது. இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, உன் மாமன் ஒரு வருஷம் பட்டுத்தான் தெரிந்துகொண்டான்.

அப்புறம், கார்டில் செலவு செய்தால் தருகிற பாயிண்ட். அது எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரியைக் கேள். 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் நோட்டு செல்லாது என்றார்களே, அந்த மாசம்தான் கடையில் ஸ்வைப் மெஷின் வைத்தோம். ஆயிரம் ரூபாய் மளிகையில் எனக்கு நிற்பதே எண்பது, தொண்ணூறு. கிரெடிட் கார்டில் வாங்கினால் அதில் இருபது ரூபாய் வாக்கில் பேங்குக்குப் போய்விடும். கொஞ்ச நாள் ஆத்திரத்தில் கார்டுக்காரர்களிடம் அந்த இரண்டு சதவீதத்தைக் கூடுதலாக வாங்கினேன். அப்படி வாங்கக் கூடாது என்று ஒரு பையன் சட்டம் பேசினான், விட்டுவிட்டேன். அந்த இருபதில் ஒரு பங்கைத்தான் உனக்குப் பாயிண்ட்டாகத் திருப்பித் தருகிறார்கள். காட்டுக்காரர் மாதிரி ஆட்கள் கட்டுகிற வட்டி அதுக்கு மேலே. எனக்கு அதில் வருத்தம் இல்லை. வாத்தியார் மாதிரி கட்டிவிட்டு அந்தப் பங்கை நீ வாங்கிக்கொள், அவ்வளவுதான்.

நீ வாட்ஸ்அப்பில் போட்ட செலவுப் பட்டியலை நோட்டில் எழுதிப் பார்த்தேன். சரவணம்பட்டி வாடகை, பெட்ரோல், கரண்ட் பில், இன்சூரன்ஸ், வேன் ஃபீஸ் எல்லாவற்றையும் தனியே எடுத்து வைத்துவிட்டேன். பெரும்பாலான கார்டில் இவற்றுக்குப் பாயிண்ட் கிடையாது, அல்லது பேருக்குத்தான். வாடகையை ஆப் வழியாகக் கார்டில் கட்டியவர்களிடம் ஆப்காரர்கள் வேறு தனியாகப் பிடித்தார்கள். நகைக்கும் நிறையக் கார்டில் ஒன்றும் இல்லை, அதனால் தாலிக்கொடி மாற்றப் போகும்போது கார்டை நீட்டாதே. பெட்ரோலுக்குக் கார்டில் கட்டினால் கூடுதலாகப் பிடிக்கிற அந்த ஒரு சதவீத சர்சார்ஜைத் தள்ளுபடி செய்தால் போதும். எண்ணெய்க் கம்பெனிகளோடு சேர்ந்து வருகிற கார்டெல்லாம் தினம் திருப்பூர் போய் வருகிறவர்களுக்கு. மாப்பிள்ளைக்கு ஆபீஸ் நாலு கிலோமீட்டர்.

மிச்சம் நிற்பது மாசம் 25,000. அதில் ஆன்லைனில் வாங்குவதும் சாப்பாடு வரவழைப்பதும் சேர்த்து 11,000. (சாப்பாடு மட்டும் 4,000! சரி, அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.) கடையில் போய் வாங்குகிற மளிகை, துணி, ஹோட்டல் 14,000.

மாப்பிள்ளை காட்டிய லவுஞ்சு கார்டை முதலில் போட்டுப் பார்த்தேன். 150 ரூபாய்க்கு 4 பாயிண்ட். கேட்கப் பெரிசாக இருக்கிறது. வருஷச் செலவு 3 லட்சத்துக்கு 8,000 பாயிண்ட். ஆனால் அதைப் பணமாக மாற்றினால் ஒரு பாயிண்ட்டுக்கு 20 காசு, ஆக 1,600 ரூபாய். அவர்கள் தளத்தில் விமான டிக்கெட் போட்டால் 50 காசு, அப்போது 4,000. ஆண்டுக் கட்டணம் 2,500, அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 2,950. கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லுகிற செலவு அளவை நீங்கள் எட்டவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு டெல்லி போகிறவர்களுக்கு அது நல்ல கார்டாக இருக்கலாம். உங்கள் பயணமெல்லாம் அவினாசி ரோட்டில் பஸ்தான்.

அடுத்து நேராகப் பணமாகத் திருப்பித் தருகிற கார்டு. ஆன்லைனுக்கு 5 சதவீதம், கடையில் 1 சதவீதம் என்று வைத்துக்கொள். 11,000-க்கு 550, 14,000-க்கு 140, மாசம் 690. வருஷம் 8,280. எஸ்பிஐ கேஷ்பேக் கார்டு இந்தக் கணக்கோடுதான் வந்தது. கட்டணம் 999, வருஷம் 2 லட்சம் தாண்டினால் அதுவும் தள்ளுபடி. அமேசான் பே ஐசிஐசிஐ கார்டுக்கு ஆண்டுக் கட்டணமே இல்லை, அமேசானின் பிரைம் சந்தா வைத்திருந்தால் 5 சதவீதம், ஆனால் அந்த 5 அமேசானில் வாங்கினால்தான். நீ பாதி வாங்குவது வேறு இடத்தில். எதை எடுத்தாலும் இந்த விதி அப்படியே இருக்கும் என்று நம்பிவிடாதே. எஸ்பிஐ கார்டிலேயே மாசத்துக்கு 10,000 வரை கேஷ்பேக் கிடைத்ததை 2023 மே மாசம் 5,000 ஆகக் குறைத்தார்கள். உங்களுக்கு 690 ரூபாய் என்பதால் அது படாது. ஆனாலும் எடுக்கிற அன்றைக்கு விதிகளைப் படி. எதற்கெல்லாம் தருகிறார்கள் என்பதைவிட, எதற்கெல்லாம் தர மாட்டார்கள் என்கிற பொடி எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

இப்போது இதைப் பார். 40,000 ரூபாயை ஒரே ஒரு மாசம் கட்டாமல் விட்டால் 3.75 சதவீதத்தில் வட்டி 1,500, அதற்கு ஜிஎஸ்டி 270. இரண்டரை மாசம் சேர்த்த கேஷ்பேக் ஒரே மூச்சில் போச்சு. அதனால் கார்டு வந்த அன்றைக்கே, பேங்குக் கணக்கிலிருந்து பில் தானாகக் கட்டிப் போகிற ஆட்டோ பே போடு. போடும்போது 'மொத்த பாக்கி' என்பதைத் தேர்ந்தெடு, அதற்கு மேலேயே 'மினிமம்' என்று இன்னொன்று இருக்கும், கை தவறி அதைத் தொட்டுவிடாதே. பில் தேதியை மாற்றிக் கேட்கும் உரிமையை ரிசர்வ் வங்கியே கொடுத்திருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒன்றாம் தேதிக்குள் சம்பளம் வந்துவிடுகிறது. பதினைந்தாம் தேதி வாக்கில் பில் விழுகிற மாதிரி வைத்தால் கெடு அடுத்த மாசம் ஐந்தாம் தேதியை ஒட்டி வரும். வாத்தியார் தேதி.

காய்கறிக்கு க்யூஆர் ஸ்கேன் பண்ணிக் கட்டுகிறாயே, அதற்கு ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயில் சேர்க்கலாம். 2022-லிருந்து இது இருக்கிறது. கடைக் கணக்குக்கு மட்டும்தான் போகும். தலையில் கூடை வைத்து வருகிற கீரைக்காரம்மா மகன் நம்பருக்கு வாங்கினால் போகாது, அங்கே ரொக்கம் கொடு. என் கடை மாதிரிச் சின்னக் கடைக்கு 2,000 ரூபாய் வரைக்கும் இதில் பிடித்தமும் இல்லை, அதனால் எனக்கு இது பிடிக்கும். ஆனால் யூபிஐ வழியாகப் போகிற செலவுக்குச் சில கார்டு ஒன்றுமே தருவதில்லை, பார்த்து வாங்கு. அப்புறம், ஒரு தட்டலில் போவதால் ஐம்பது, நூறு என்று போனதே தெரியாது. பழமுதிர் நிலையத்துக்குள் நீ தக்காளிக்குப் போய் டிராகன் ஃப்ரூட்டோடு வருகிறவள்.

கோபித்துக்கொள்ளாதே, அந்த ஏர் ஃபிரையரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "இன்னும் ஆறாயிரம் செலவு பண்ணினா கார்டு ஃபீஸ் மிச்சம்மா" என்று வாங்கினாய். போன தடவை நான் வந்தபோது அதன் மேலே பூண்டுத் தட்டு இருந்தது.

முக்கியமானதை இப்போதுதான் சொல்லப் போகிறேன். மாப்பிள்ளை, தன் கார்டிலேயே உனக்கு ஆட்-ஆன், அதாவது துணைக் கார்டு, வாங்கிக்கொள்ளலாம் என்றார். வேண்டாம். அவர் நல்லவர்தான், அது வேறு. ஆட்-ஆனில் லிமிட் ஒன்று, பொறுப்பு அவருடையது, நீ ஒழுங்காகக் கட்டினாலும் அந்த நல்ல பேர் உன் சிபில் கணக்கில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறாயா என்று பேங்குகள் பார்க்கிற மார்க்கில், ஏறாது. கடைக்குப் பெரிய ஃப்ரிட்ஜ் வாங்க லோன் கேட்டுப் போனபோது, லட்சக் கணக்கில் வரவு செலவு பார்த்த என் பேரில் கடன் வாங்கிக் கட்டிய வரலாறே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எல்லாம் உங்க அப்பா பேரில் இருந்தது. வீட்டுச் செலவுக் கார்டை உன் பேரிலேயே எடு. அவருக்கு வேண்டுமானால் நீ ஆட்-ஆன் கொடு! நாளைக்கு இரண்டு பேர் பேரிலும் வீட்டு லோன் போடும்போது உன் சிபில் எண்ணையும் பார்ப்பார்கள். லிமிட் ஒரு லட்சம் கொடுத்தால் முப்பதாயிரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள், அதற்கு மேல் போனால் சிபில் இறங்கும் என்கிறார்கள்.

அவரிடம் இருக்கிற மூன்றில் பழையதும் கட்டணமில்லாததுமான ஒன்றை விட்டுவிட்டு மற்றதை முடிக்கச் சொல். அந்த மால் வாசலில் டேபிள் போட்டு நின்ற பையன் "லைஃப் டைம் ஃப்ரீ சார்" என்று கையெழுத்து வாங்கியதில் இரண்டாம் வருஷம் கட்டணம் வந்து நிற்கிறதே, அதை முதலில். எந்த பேங்கு என்று நான் எழுதப் போவதில்லை, அவருக்குத் தெரியும். பாக்கி இல்லாமல், இருக்கிற பாயிண்ட்டை எடுத்த பிறகு எழுதிக் கொடுத்தால், ஏழு வேலை நாளில் முடித்துத் தர வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் நமக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. போனில் கூப்பிட்டு, "உங்களுக்காக இந்த வருஷம் மட்டும் இலவசம்" என்று இழுப்பார்கள். மாப்பிள்ளை தாட்சண்யக்காரர், போனை நீயே வாங்கிப் பேசு.

ஒருநாளும் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுக்காதே. அதற்கு முதல் நாளிலிருந்தே வட்டி, கட்டணம் வேறு. அவசரம் என்றால் எனக்குப் போன் பண்ணு.

கவுந்தப்பாடிச் சர்க்கரை இரண்டு கிலோவும் கொள்ளும் கட்டி வைத்திருக்கிறேன், பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிறு வந்து எடுத்துப் போ. வரும்போது மூன்று மாச ஸ்டேட்மெண்ட்டைக் காகிதத்தில் எடுத்து வா. போனில் காட்டினால் எனக்குப் பொடி எழுத்துத் தெரிவதில்லை. சிவப்புப் பேனா கல்லாவில் இருக்கிறது.

அம்மா