அம்மிணிக்கு, முட்டிவலி பற்றி

அன்புள்ள அம்மிணிக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பதறுவாய், நானும் "ஒன்றுமில்லை கண்ணு" என்று பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நடுவில் ஒன்று சொன்னாய். படி இறங்கும்போது முட்டி வலிக்கிறது, மூன்று மாசமாக ஆபீஸ் பையிலேயே மாத்திரை வைத்திருக்கிறேன், ஒன்று போட்டால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது என்று. மாத்திரையின் பேரைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. இரண்டு வருஷமாக நான் மடியில் முடிந்து வைத்திருந்த அதே டைக்ளோஃபெனாக்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், சாமி. போன வைகாசியில் நான் கோபியில் சின்னம்மா வீட்டுக்குப் போயிருப்பதாக உங்கப்பா சொன்னார் அல்லவா? நான் கோயம்புத்தூரில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். விடிகாலை மூன்று மணிக்கு மல்லிகைக் காட்டில் இறங்கினால், வெயில் ஏறும்வரை குனிந்து நிமிர்ந்து மொட்டுப் பறிக்கிற வேலை. உனக்குத் தெரியாததா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்திரையில் வலது முட்டி பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. மருந்துக்கடையில் வலி என்று சொன்னதும் ஒரு அட்டையை வெட்டிக் கொடுத்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரை அது. எனக்கு அது தெரியாது, அவர்களும் கேட்கவில்லை. போட்டேன். அன்றைக்கு வழக்கத்தைவிட அரைக் கிலோ கூடப் பறித்தேன்.

அந்த அரைக் கிலோதான் என்னை ஏமாற்றியது. வலி நின்றதும் முட்டி சரியாகிவிட்டது என்றே நம்பினேன். வலித்திருந்தால் உட்கார்ந்திருப்பேன், வேலையைக் குறைத்திருப்பேன். வலிக்காததால் நோகிற காலை வைத்துக்கொண்டு இன்னும் அதிகமாகக் குனிந்தேன். முகூர்த்த நாளில் பூ கிலோ ஆயிரத்தைத் தாண்டும்போது யாருக்கு உட்கார மனசு வரும்? ஒரு மாத்திரை இரண்டாயிற்று. காலையில் ஒன்று, ராத்திரி தூங்க ஒன்று.

பிரஷர் மாத்திரைக்குப் போகும்போதெல்லாம் டாக்டர், "வேறே ஏதாவது மருந்து சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்பார். இல்லை என்பேன். பொய் சொல்ல நினைக்கவில்லை கண்ணு. கடையில் வாங்குகிற வலி மாத்திரையை நான் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பிரஷர் குறையவில்லை என்று அவர் மாத்திரையைக் கூட்டினார், நீர் பிரிகிற மாத்திரை ஒன்றையும் சேர்த்தார். வலி மாத்திரையே பிரஷரை ஏற்றும் என்று பிறகுதான் தெரிந்தது.

வைகாசி வெயிலில் காலும் முகமும் வீங்கிவிட்டன. செருப்பு நுழையவில்லை. சிறுநீர் சரியாகப் போகவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் 2.4. என் வயசுப் பெண்ணுக்கு ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியதாம். உங்கப்பா என் கூடையைக் கொட்டிப் பார்த்து, காலி அட்டைகளை எல்லாம் டாக்டரின் மேஜையில் வரிசையாக வைத்தார். பதினேழு அட்டை. உங்கப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னமும் தாங்கவில்லை.

அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். முட்டியில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குகிற புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான், வயிற்றின் உள்தோல் புண்ணாகாமல் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. மாத்திரைக்கு முட்டி எது, சிறுநீரகம் எது என்று தெரியாது. அந்தப் பொருள் உண்டாவதை எல்லா இடத்திலும் தடுத்துவிடும். இந்த வலி மாத்திரையோடு சில வகைப் பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காமல் போகலாம். அப்புறம் அவர் கேட்டார், "காட்டுல தண்ணி குடிப்பீங்களா?" குடிக்கமாட்டேன். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே. பூப்பறிக்கிற பெண்கள் யாருமே குடிப்பதில்லை. அதுவும் சேர்ந்துகொண்டது என்றார். இப்போது நான் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோகிறேன், மற்றவர்களையும் குடிக்கச் சொல்கிறேன். ஒதுங்குவதற்குத் தோட்டத்து ஓரத்தில் உங்கப்பா தென்னந்தடுக்கு வைத்து ஒரு மறைப்புக் கட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு நம் மாடு சிவப்பிக்குக் கால் வீங்கியது. மாட்டு டாக்டரிடம் இந்த மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். 2006-லேயே மாட்டுக்கு இதைத் தடை செய்துவிட்டார்கள் என்றார். இந்த மருந்து கொடுத்த மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தனவாம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செத்த மாட்டைச் சுற்றி அந்தப் பாறுக் கழுகுகள் வட்டம் போடும். நம் பக்கத்தில் இப்போது மாயாற்றுப் பக்கம்தான் கொஞ்சம் மிச்சம். மனுஷ உடம்பு வேறு, கழுகு உடம்பு வேறு என்று அவரே சொன்னார். இருந்தாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி முட்டி விஷயம். எனக்கு எலும்பு முனையில் இருக்கிற குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது. அந்தக் குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாதாம், வலி அதைச் சுற்றியிருக்கிற மற்றவற்றிலிருந்து வருகிறது. அதனால்தான் எக்ஸ்ரேயில் ஒரே மாதிரித் தேய்ந்த இரண்டு பேரில் ஒருவர் நொண்டுகிறார், ஒருவர் நடக்கிறார். முட்டியைத் தாங்குவது தொடைச் சதை. எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கித் துண்டைக் கீழே அழுத்து, ஐந்து எண்ணு, விடு. உங்கப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறார். முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாசம் டவுன் பஸ் படியில் கம்பியைப் பிடிக்காமல் ஏறினேன். ஐந்து கிலோ எடையும் குறைத்துவிட்டேன். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறையுமாம். ரொம்ப வலிக்கிற நாளில் மேலே தடவுகிற களிம்பு. அது ரத்தத்தில் கொஞ்சம்தான் கலக்கும், அதையும் டாக்டரைக் கேட்டுத்தான் தடவுகிறேன். கிரியேட்டினின் 1.2-க்கு வந்துவிட்டது. பயப்படாதே.

உனக்கு முப்பத்தொன்று. உன் வலி என் வலி மாதிரித் தேய்மானமாக இருக்காது. பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து தொடைச் சதை வலுவிழந்தால் படி இறங்கும்போது முட்டிச் சில்லின் பின்பக்கம் இப்படித்தான் வலிக்கும் என்று எனக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் சொன்னாள். அது அவள் ஊகம், பார்க்காமல் சொன்னது. நீ நேரில் காட்டு. டாக்டர் பார்த்து மூன்று நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடு, நான் தடுக்கமாட்டேன். பையில் வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, நடக்கும்போது மடங்கினாலோ, நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதே. மாத்திரையால் வயிறு புண்ணாகி மலம் தார் மாதிரிக் கருப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டரிடம் மூன்று மாசமாக எத்தனை மாத்திரை போட்டாய் என்பதைக் கூசாமல் சொல். அட்டையையும் கையோடு கொண்டு போ.

இந்தச் சனிக்கிழமை போய்விட்டு வந்து கூப்பிடு. என் ரிப்போர்ட் எல்லாவற்றையும் உங்கப்பா போட்டோ எடுத்து அனுப்புவார். இனிமேல் நான் எதையும் மறைக்கமாட்டேன். நீயும் மறைக்காதே கண்ணு.

தை மாசம் வரும்போது திம்பம் மலைப்பாதை வளைவுகளில் ராத்திரி வண்டியில் வராதே, பகல் பஸ்ஸில் வா. துண்டு சுருட்டி வைத்திருக்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்தே செய்யலாம்.

அன்புடன்,
அம்மா