ஸ்பைருலினாவும் உன் ரத்த ரிப்போர்ட்டும்

அன்புள்ள வசந்தி,

பேரன் நடக்கத் தொடங்கிவிட்டானா! இனி உன் வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. நான் லேப் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் ரிப்போர்ட்டை நீட்டுகிறவர்கள் ஓயவில்லை. இப்போது நீயும் சேர்ந்துகொண்டாய்.

எடை கூடியிருக்கிறது, ஹீமோகுளோபின் குறைவு, உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் மட்டும் குறையவில்லை. ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியைச் சாப்பிட்டால் ரத்தம் ஊறுமா என்று கேட்கிறாய். இரும்பே இல்லாதவர்களுக்கும் உனக்கும் வித்தியாசம் இருக்கலாம். உடல் பருமனில் கொழுப்புத் திசு சும்மா இருப்பதில்லை. லேசான அழற்சியை ஓயாமல் கிளப்பிக்கொண்டே இருக்கும். அதன் தூண்டுதலில் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. செல்லிலிருந்து இரும்பு வெளியே வர இருப்பது ஒரே வழி. ஹெப்சிடின் அதை அடைத்துவிடும். பூட்டிய களஞ்சியத்தில் நெல் இருந்து என்ன பயன்? ஃபெர்ரிட்டின் அழற்சியிலும் ஏறும் என்பதால் அந்த எண்ணை மட்டும் நம்பிவிடாதே.

எலும்பு மஜ்ஜையிலும் மாற்றம் உண்டு. ஸ்லைடில் பார்த்தால் ஊதா நிறச் செல்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக வட்ட ஓட்டைகள் தெரியும். கொழுப்புச் செல்கள்தாம் அவை; ஸ்லைடு தயாரிக்கும்போதே கொழுப்பு கரைந்துவிடும், வெறும் இடம்தான் மிஞ்சும். கொழுப்பு உணவு கொடுத்துப் பருமனாக்கிய எலிகளின் மஜ்ஜையில் இந்தக் கொழுப்பு பெருகுவதையும், அழற்சிக்கு உதவும் வெள்ளணுக்களின் பக்கம் உற்பத்தி சாய்வதையும் பார்த்திருக்கிறார்கள். நம் உடலில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களை உண்டாக்கும் இடம் இந்த மஜ்ஜைதான்.

பாசியில் என்னை ஈர்ப்பது அதிலுள்ள இரும்பு அல்ல, பைகோசயனின் என்ற நீல நிறமி. ஆய்வக விலங்குகளில் அது அழற்சியைத் தணித்திருக்கிறது. அழற்சி தணிந்தால் ஹெப்சிடின் இறங்கும், இரும்பு வெளியே வரும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மனிதர்களிடம் நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். டப்பாவில் எழுதியிருப்பதை நம்பி ரத்தசோகைக்கு இதையே மருந்தாக வைத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், வைட்டமின் பி12 இருக்கிறது என்று சொல்லி விற்பார்கள். ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். குளோரெல்லா என்ற பச்சைப் பாசி இதில் பரவாயில்லை என்றாலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு அளவு மாறும். கெல்ப் போன்ற கடற்பாசி என்றால் அயோடின் மிகுதி, உன் தைராய்டுக்கு ஆகாது. சுத்தமில்லாத நீரில் வளர்ந்த பாசியில் கன உலோகங்களும் கல்லீரலைக் கெடுக்கும் நச்சும் சேரலாம்.

முதலில் டாக்டரிடம் கேட்டு அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு, பி12 மூன்றையும் பார்த்துவிடு. ரத்தம் எங்காவது கசிகிறதா என்றும் அவர் பார்க்கட்டும், நம் வயதில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. டப்பாவின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, படித்துவிட்டுச் சொல்கிறேன். பேரனின் படத்தையும் மறக்காதே.

அன்புடன்,
மீனா