குதிகால் முறிவு: எந்த வெட்டு என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சாரத்திலிருந்தும் மரத்திலிருந்தும் தவறி விழுந்து குதிகாலை உடைத்துக்கொண்டவர்களை மீண்டும் நடக்கப் பழக்கும் இயன்முறை மருத்துவன் நான். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் காலில் எந்த முறையில் அறுவை நடந்தது, ஏன் அந்த முறை என்பது தெரிவதில்லை என்ற வருத்தத்தில் இதை எழுதுகிறேன்.

உயரத்திலிருந்து விழுந்து கால் தரையில் ஊன்றும்போது, மெல்லிய ஓடும் உள்ளே பஞ்சு போன்ற அமைப்பும் கொண்ட குதிகால் எலும்பு நசுங்கி, உயரம் குறைந்து, பக்கவாட்டில் அகன்று, மேலுள்ள மூட்டுப் பரப்பும் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. அந்தப் பரப்பைத் தூக்கி நிறுத்தித் தகடும் திருகும் பொருத்துவதே அறுவையின் நோக்கம்.

நெடுங்காலமாக வழக்கில் இருப்பது, குதிகாலின் வெளிப்புறத்தை 'எல்' வடிவில் நீளமாக வெட்டி, தோலையும் அடித்திசுவையும் எலும்புவரை ஒரே மடலாகத் தூக்கும் முறை. எலும்பின் வெளிச்சுவர் முழுவதும் கண்ணுக்குத் தெரிவதால், பல துண்டுகளாகச் சிதறிய முறிவில் அது பேருதவி. ஆனால் அந்த மடலின் மூலைக்கு இரத்தம் பெரும்பாலும் ஒரே சிறு தமனியிலிருந்துதான் வருகிறது. சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் உள்ளவர்களுக்கு அந்த மூலை எளிதில் கறுத்துப்போகிறது. அப்படி ஒரு கொத்தனாருக்குப் புண் ஆறாமல் தகடே வெளியே தெரிந்தது. எலும்பு கூடியும் அவர் பல மாதம் வேலைக்குத் திரும்ப முடியாமல் தவித்ததை அருகிலிருந்து பார்த்தேன்.

மற்றொரு முறையில், வெளிக்கணுவின் நுனிக்குக் கீழிருந்து முன்னோக்கி ஏறத்தாழ 3 முதல் 5 செ.மீ. மட்டும் வெட்டி, அமிழ்ந்த மூட்டுப் பரப்பை நேராகப் பார்த்தே சரிசெய்கிறார்கள். இரண்டு மூன்று துண்டுகளான முறிவுகளில் இரு முறைகளும் எலும்பை ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சீராக்குகின்றன என்றும், சிறிய வெட்டில் புண் தொல்லை குறைவு என்றும் ஒப்பீட்டு ஆய்வுகள் பல கூறுகின்றன. எலும்பின் பின்பகுதி இதில் நேரடியாகத் தெரியாது. ஆகவே இதற்குக் கைப்பழக்கமும் எக்ஸ்ரே துணையும் வேண்டும்.

அறுவையே தேவையா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். 151 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டு முடிவில் அறுவை செய்தவர்கள் செய்யாதவர்களைவிட மேலான நிலையில் இல்லை. சிக்கல்களோ அறுவை செய்தவர்களில் 23 விழுக்காடும் செய்யாதவர்களில் 4 விழுக்காடுமாக இருந்தன. ஆனால் அங்கே பயன்பட்டது பெரிய வெட்டு. குதிகால் மிகவும் உருக்குலைந்தவர்கள் அதில் சேர்க்கப்படவுமில்லை. சிறிய வெட்டுக்கும் அதே தீர்ப்பை எழுதிவிடுவது சரியாகாது என்பது என் கருத்து.

பெரிய வெட்டுக்கு வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழும்வரை ஒன்று இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். இதைத் தாமதம் என்று எண்ணி உறவினர்கள் மருத்துவரை அவசரப்படுத்துவதுண்டு. அவசரத்துக்கு விலை கொடுப்பது தோல்தான். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. குதிகால் நரம்பு என்று மக்கள் சொல்லும் தசைநாண் உடைந்த துண்டை மேலே இழுத்து, அது பின்புறத் தோலை உள்ளிருந்து அழுத்தி வெளுக்கச் செய்தால், ஒரு நாள்கூடக் காத்திருக்கலாகாது.

ஒப்புதல் படிவத்தில் 'குதிகால் அறுவை' என்று மட்டும் எழுதாமல், எந்த வெட்டு, அதைத் தேர்ந்த காரணம் என்ன, புண் ஆறாத வாய்ப்பு எவ்வளவு என்பதையும் தமிழில் எழுதி, கையெழுத்துக்கு முன் படித்துக் காட்டுமாறு மருத்துவமனைகளைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்,
மதுரை.