கருங்கல்லுக்கு காபன் டேட்டிங் சரிவராது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில வவுனியாப் பக்கத்து மலைப்பாறைகளைப் பற்றி வந்த கட்டுரையை வாசிச்சன், நல்லா எழுதியிருந்தினம், ஆனா காபன் டேட்டிங் செய்து பாறையின்ர வயசை அறியலாம் எண்டு அதில ஒரு வரி கிடந்துது, அது பிழை ஐயா. அதில அளக்கிறது காபன் 14 எண்ட கதிரியக்கக் காபனை, அதின்ர அரைவாழ்வு, அதாவது சிதைஞ்சு பாதியாகிற காலம், 5730 வருசம்தான், ஒரு 50000 வருசம் தாண்டினா அளக்கிறதுக்கு மிச்சம் ஒண்டும் இராது, அதுவும் மரம் எலும்பு கரி போல ஒரு காலம் உயிரோட இருந்ததுகளுக்குத்தான் அது.

கருங்கல்லின்ர வயசைச் சொல்லுறது சிர்கோன் எண்ட பளிங்கு. எங்கட பக்கத்துக் குவாரியில புதுசா உடைஞ்ச கல்லொண்டை வெயிலில திருப்பிப் பாருங்கோ, ரோஸ் நிற பெல்ஸ்பாரும் வெள்ளைக் குவாட்ஸும் கறுப்பா மினுங்கிற மைக்காவும் வரிவரியாத் தெரியும், ஆனா சிர்கோன் அம்பிடாது, அனேகமா ஒரு மில்லிமீற்றரில பத்தில ஒரு பங்குதான் அது. கல்லைப் பொடியாக்கி, அரிசி அரிக்கிற மாதிரி தண்ணியில அரிச்சா லேசானது போக பாரமான சிர்கோன் அடியில நிக்கும், பிறகு காந்தத்தால இரும்புள்ளதுகளை எடுத்துப்போட்டு மைக்கிறஸ்கோப்புக்குக் கீழ ஊசியால ஒண்டொண்டாப் பொறுக்குவினம்.

சிர்கோன் உருவாகேக்க யுரேனியத்தை உள்ள எடுக்கும், ஈயத்தைக் கிட்டத்தட்ட எடுக்கவே எடுக்காது, அதால இண்டைக்கு உள்ள இருக்கிற ஈயம் யுரேனியம் சிதைஞ்சு வந்தது. யுரேனியம் 238 பாதியாக 4468 மில்லியன் வருசம் வேணும், 235க்கு 704 மில்லியன், ரெண்டும் வேற வேற ஈயமா மாறும். ஒரே பளிங்குக்குள்ள ரெண்டு மணிக்கூடு, ரெண்டும் ஒத்த வயசைக் காட்டினா நம்பலாம், ஒத்துவராட்டி இடையில ஈயம் கசிஞ்சிருக்குது எண்டு பிடிபட்டிடும். தன்ர பிழையைத் தானே காட்டிக்குடுக்கிற இந்த முறையை எங்கட பெடியளுக்குக் கட்டாயம் சொல்லிக் குடுக்கவேணும் ஐயா.

நாங்கள் நிக்கிற நிலத்தின்ர பாறைகளுக்குப் புவியியல்காரர் வச்ச பேரே வன்னி கொம்ப்ளெக்ஸ். அதில இருந்து எடுத்த சிர்கோன்களின்ர நடுப்பகுதி ஏறத்தாழ 1100 தொடக்கம் 770 மில்லியன் வருசம் காட்டுது, அதுதான் கல்லு முதல் உருவான காலம். வெளி ஓரத்தில இன்னொரு வளர்ச்சி இருக்கும், அது அனேகமா 600க்கும் 540க்கும் இடையில, இலங்கை, இந்தியா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா எல்லாம் ஒண்டாச் சேர்ந்திருந்த கோண்ட்வானா எண்ட பழைய பெருங்கண்டம் ஒட்டேக்க இந்தப் பாறையெல்லாம் ஆழத்தில திரும்பச் சூடேறி உருமாறின காலம். மலைநாட்டுப் பக்கத்துப் பாறைகள் இதைவிடப் பழசு, 1800 மில்லியன் தாண்டினதும் இருக்கு.

இன்னொண்டு, அவுஸ்திரேலியாவில கன்பராவில சிர்கோன் அளக்கிற ஷ்ரிம்ப் மெசினைச் சரிபார்க்க கனகாலமா வச்சிருந்த மாதிரிக்கல்லு எஸ்எல்13 எண்டது, 572 மில்லியன் வருசம், இலங்கையில எடுத்த ரத்தினச் சிர்கோன் அது. உலகத்தில எங்கெங்கையோ உள்ள கல்லுக்கெல்லாம் வயசு சொல்ல எங்கட நாட்டுக் கல்லு உதவியிருக்குது, இது எங்கட பிள்ளையளுக்குத் தெரியாமக் கிடக்கிறது எனக்குச் சரியான கவலை.

அதால அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கோ, மாணவர் பக்கத்தில இதைப் பற்றி விவரமா எழுதுவியுங்கோ. குவாரி வச்சிருக்கிற ஆக்களும் சல்லி உடைச்சு டிப்பரில ஏத்த முதல் ஒரு கையளவு கல்லை எடுத்து, எந்த ஊர், எவ்வளவு ஆழம் எண்டு எழுதி கிட்ட உள்ள பள்ளிக்கூட லாப்பில குடுத்தா நல்லம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வவுனியா